மூன்றாம் வகை

12 அக்டோபர், ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கந்தர்வக்கோட்டைப் பக்கம் நல்ல மழை என்று தலையாரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் சான்று கேட்டு வாசலில் மூன்று பேர். நாளைக்கு ஆபீசுக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, சொந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

சொந்த வேலை: எங்கள் குடும்ப வரைபடம். திருச்சி ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் மேடம் கேட்டிருக்கிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் ஒரு கோடு. கேன்சர் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. எப்படி வரைவது என்று அந்தம்மா அரை மணி நேரம் விளக்கினார். பத்தொன்பது வருஷம் வி.ஏ.ஓ. வேலை பார்த்து, ஊரார் வாரிசு விசாரணையெல்லாம் முடித்தவனுக்கு இது ஒரு வேலையா? ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, இறப்புச் சான்று எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒரே உட்காரலில் முடித்தேன்.

கறுப்பு அடித்தவை:

அப்பா. பெருங்குடல். 47ல் இறப்பு.
பெரியப்பா. அதுவே. 51ல் இறப்பு.
அக்கா வளர்மதி, இலுப்பூர். கர்ப்பப்பை. 45ல் ஆபரேஷன். நலம்.
அண்ணன் செல்வம். பெருங்குடல். போன வருஷம் ஆபரேஷன். நலம் என்று சொல்லிக்கொள்கிறோம்.
முருகேசண்ணன், பெரியப்பாவின் ஒரே மகன், திருவரங்குளம். பெருங்குடல். மூன்று வருஷத்துக்கு முன் ஆபரேஷன். தினமும் கடை திறக்கிறார்.

எனக்கு 44. என் சதுரம் மட்டும் வெள்ளையாக நடுவில். அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் வயிற்றைத் தடவியிருக்கிறேன் போல. என் மனைவி கலை பார்த்துவிட்டு, பசிக்குதா என்றாள். ஆமாம் என்றேன். பன்னிரண்டு மணிக்கே சோறு போட்டுவிட்டாள்.

13 அக்டோபர், திங்கள்

மேடம் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

உடம்பில் செல் பெருகும்போது நகல் எடுக்கிறது. நகலில் பிழை வந்தால் திருத்துவதற்கு என்று சில ஜீன் உண்டு. அது கெட்டால் பெருங்குடலிலும் கர்ப்பப்பையிலும் கேன்சர் வரலாம். அண்ணன் ரத்தத்தில் அப்படி ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறி இருக்கிறது. அந்த மாற்றம் கெடுதலா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வகையாகப் பிரிப்பார்களாம். ஐந்து என்றால் நோய் தருவது உறுதி. நான்கு, பெரும்பாலும் தரும். இரண்டு, பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஒன்று, கெடுதலே இல்லை. நடுவில் மூன்று: சொல்ல முடியாது. அண்ணனுடையது மூன்று.

மூன்றிலேயே கிடந்தால் அதை வைத்துப் பிள்ளைகளுக்கு டெஸ்ட் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் அர்த்தம் இல்லை. அண்ணன் மகள் பவிக்கு 25. புதுக்கோட்டையில் மருந்துக்கடை வேலை. அவளுக்கு ஒரு வழி தெரிய வேண்டும் என்றால் வகை மாற வேண்டும். வகை மாற வேண்டும் என்றால் நோய் வந்த சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரிடமும் அந்த எழுத்து இருந்தால் மேலே ஏறும். வந்தவரிடம் இல்லாமல் போனால் கீழே இறங்கும்.

நானும் கொடுக்க வேண்டுமாம். அதோடு, எந்த வகையாக இருந்தாலும் குடும்பத்தில் இத்தனை பேருக்கு இருப்பதால் ஒரு முறை கொலனோஸ்கோபி பார்த்துவிடச் சொல்கிறார். நவம்பர் 13க்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பின்பக்கமாக டியூப். நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

15 அக்டோபர், புதன்

லீவு போட்டு ஆள் பிடிக்கிற வேலை. வெயில் சுள்ளென்று.

முதலில் இலுப்பூர். அக்கா, வந்தது போனது போகட்டும், இப்ப எதுக்கு மறுபடி ஊசி என்று இழுத்தது. பையனுக்குப் பெண் கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்றது. பவி பேரைச் சொன்னேன். சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. வழியெல்லாம் நான் குண்டாகிவிட்டேன் என்று ஒரே கிண்டல்.

அப்புறம் திருவரங்குளம். முருகேசண்ணன் ஹார்டுவேர் கடையில் நல்ல கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். நானும் கண்டிப்பா குடுக்கணுமா என்றார். பெரியப்பா வழியில் நீங்கள் ஒருத்தர்தானே அண்ணே என்றேன். ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, திருச்சி வரை மழை பற்றி மட்டும் பேசினார்.

மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு மூன்று வாரம்.

6 நவம்பர், வியாழன்

மேடம் போன். நான் கந்தர்வக்கோட்டை ரோட்டில் முந்திரித் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

அக்கா: இருக்கிறது.
நான்: இருக்கிறது.
முருகேசண்ணன்: இல்லை.

'நான்: இருக்கிறது' என்றபோது காதுக்குள் ஓ என்று ஒரு சத்தம். ஆனால் அவர் குரல் கெட்ட செய்தி சொல்கிற குரலாக இல்லை. நோய் வந்த முருகேசண்ணனிடம் அந்த எழுத்து இல்லை. அப்படியானால் குடும்பத்தில் நோய்க்குக் காரணம் வேறு எதுவோ, இந்த எழுத்து சும்மா கூடவே வருகிறது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டாம். வகையை முடிவு செய்கிற கமிட்டி பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் வகைக்கு இறங்கும். அக்கா, அண்ணன், முருகேசண்ணன் மூவரின் கட்டிச் சாம்பிளையும் ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புவோம் என்றார்.

இரண்டு! வண்டியை எடுக்கவே தோன்றவில்லை. சிரிப்பு சிரிப்பாக வந்தது.

வரும்போது அல்வா வாங்கினேன். ஆத்தாவுக்குச் சர்க்கரை, இருந்தும் ஒரு வாய் கொடுத்தேன். அண்ணன் மட்டும் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு எதுனாலடா வந்துச்சு?" என்று கேட்டது.

சாயங்காலம் பவி போன். "சித்தப்பா, அப்ப எனக்கு டெஸ்ட் வேணாமா?"

"வேணாம்மா. நிம்மதியா இரு."

7 நவம்பர், வெள்ளி

13ஆம் தேதி கொலனோஸ்கோபியை ரத்து செய்தேன். காரணம்: அடங்கல் கடைசி வாரம். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும்.

11 நவம்பர், செவ்வாய்

மழை விடவில்லை. அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டிச் சாம்பிள் வாங்கப் போனேன். மெழுகில் பதித்து வில்லை மாதிரி வைத்திருப்பார்களாம். ஒரு ஜன்னல் சொன்னது, அந்த ஜன்னல் போங்க. அந்த ஜன்னல் சொன்னது, நோயாளி கையெழுத்து வேணும். கையெழுத்து வைத்திருக்கிறேன் என்றேன். நோயாளிக்கு நீங்க தம்பி என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். வி.ஏ.ஓ. அடையாள அட்டையைக் காட்டினேன். அதுல அக்கா பேரு இல்லையே சார் என்றது ஜன்னலில் இருந்த பெண். நியாயம்தான். நானாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். மூன்று மணி நேரம். கடைசியில் பள்ளிச் சான்று நகலைப் போனில் வரவழைத்துக் காட்டி வாங்கினேன். தீப்பெட்டி அளவுகூட இல்லை. மதியம் இலைச் சாப்பாடு கிடைக்கவில்லை, பரோட்டா.

18 நவம்பர், செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினோரு மணிக்கு மேடம் போன். கட்டிச் சாம்பிள் முடிவு. அண்ணன் கட்டியிலும் அக்கா கட்டியிலும் அந்த ஜீன் செய்கிற, பிழை திருத்துகிற புரதம் காணவே இல்லை. இரண்டிலும் காணாமல் போனது ஒரே புரதம். முருகேசண்ணன் கட்டியில் எல்லாப் புரதமும் ஒழுங்காக இருக்கிறது. "ஒரே குடும்பத்துல ரெண்டு கதையா இருக்கு சார்," என்றார். அவருக்கு நோய் தனியாக, எல்லோருக்கும் வருகிற மாதிரி வந்திருக்கலாம். ஆனாலும் வரைபடத்தை ஒரு முறை சரிபாருங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் அவர் பிறப்பு விவரம் கேளுங்கள் என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வி.ஏ.ஓ. எழுதின வாரிசுப் பட்டியலையே சந்தேகப்படுகிறாரா? அதை விட, பெரியம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறார் இந்தம்மா? பெரியம்மா எப்படிப்பட்ட மனுஷி! கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கேட்டுப் பாருங்க சார் என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் புலம்பினேன். என் ஆத்தா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தது. என் கோபத்தை எல்லாம் கேட்டுவிட்டு, தலை நிமிராமல் சொன்னது.

"அவன் எங்கடா ஒங்க பெரியப்பனுக்குப் பொறந்தான்? அன்னவாசல் தங்கச்சி மூணாவதும் பையன்னு பெத்தா. ஒங்க பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசமாப் புள்ள இல்ல. பதினாறாம் நாளு நானும் அவளும் போயித் தூக்கிட்டு வந்தோம்."

பெரியம்மாவின் தங்கை பெற்ற பிள்ளை. எங்கள் தாத்தா ரத்தத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரேஷன் கார்டில் மகன். பள்ளியில் மகன். வாரிசுச் சான்றில் மகன். நான் பார்த்த அத்தனை காகிதமும் உண்மை, என் வரைபடம் மட்டும் பொய். பெற்ற பிள்ளையா என்று வாரிசு விசாரணைக்கு வருகிற எவனிடமும் வாய் கூசாமல் கேட்கிறேன். என் வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ கேக்கலையே என்றது. அந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லையாம். ஊரே வாயை மூடிக்கொண்டதாம். பெரியம்மா சாகும்போது ஆத்தாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறது. "அவன்கிட்ட மட்டும் கேட்டுறாத. ஒடஞ்சு போயிருவான்," என்றது ஆத்தா.

20 நவம்பர், வியாழன்

மழை. கண்மாய் முக்கால்.

முருகேசண்ணன் எங்கள் ரத்தம் இல்லை என்றால் அவரிடம் அந்த எழுத்து இல்லாததற்கு அர்த்தமே இல்லை. அவரைக் கழித்துவிட்டால் மிச்சம்: அண்ணன், அக்கா, ரெண்டு பேரிடமும் எழுத்து, ரெண்டு கட்டியிலும் புரதம் இல்லை. வகை இறங்காது. ஏறும். அதே எழுத்து என்னிடமும் இருக்கிறது.

சொல்லாவிட்டால்: கமிட்டி இரண்டு என்று எழுதும். ஆத்தா சத்தியம் காப்பாற்றப்படும். முருகேசண்ணன் உடைய மாட்டார். எனக்கு டியூப் இல்லை. எல்லோரும் அல்வா தின்ற மாதிரியே இருக்கலாம்.

பவியிடம் வேணாம்மா என்றது நான்.

பயமாக இருக்கிறது. பெரியப்பா வயது 51, அப்பா 47, எனக்கு 44. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இன்றைக்கு மட்டும் நாலு தடவை முடிவு செய்தேன். கலையிடம் எரிந்து விழுந்தேன். ஆபீசில் ஒரு கிழவரை இரண்டு தடவை அலைய விட்டேன்.

22 நவம்பர், சனி

திருவரங்குளம் போனேன். கடையில் ஒரு கொத்தனார் மட்டும், பைப் அளவு சொல்லிக்கொண்டு. முருகேசண்ணன் எனக்கு ஸ்டூல் போட்டார். டீ வந்தது. நான் மழை, நெல், அடங்கல் என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவர் பைப்பை அறுத்தபடியே சொன்னார்.

"கேக்க வந்ததக் கேளுடா."

கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அன்னவாசல் சின்னாத்தா பந்தியில் எதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்கே விளங்கிவிட்டதாம். முப்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்துகொண்டே ஏன் ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பெரியப்பா வழியில நீங்க ஒருத்தர்தான்னு சொன்ன. அந்த எடத்துல நான் என்ன சொல்லுவேன்? இல்லடா தம்பி, நான் அவருக்குப் பொறக்கலன்னா? அவருக்குக் கொள்ளி வச்சவன்டா நான்."

முடிவு வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. தனக்கு அந்த எழுத்து இல்லை, நல்லது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்திருக்கிறார். அந்தச் சந்தோஷமே அவர் ரத்தத்தை வைத்துத்தான் வந்தது என்று நான் விவரமாகச் சொன்னேன். இரண்டாம் வகை, நான்காம் வகை, எல்லாம். ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப பவி?"

அவளிடம் டெஸ்ட் வேணாம் என்று நான் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"போன் போடு அந்த மேடத்துக்கு. நானே பேசுறேன்."

போட்டுக் கொடுத்தேன். பேர் சொன்னார். ஊர் சொன்னார். "நான் அந்த வீட்டுல எடுத்து வளத்த புள்ளைங்க மேடம். அவுங்க ரத்தம் இல்ல," என்றார். கொத்தனார் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கொத்தனாருக்குப் பில் போட்டார்.

24 நவம்பர், திங்கள்

மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். இதுமாதிரி நிறையப் பார்த்திருக்கேன் சார், விடுங்க என்றார். வரைபடத்திலிருந்து முருகேசண்ணனை எடுத்துவிடவா என்றேன். எடுக்கக் கூடாதாம். எடுத்து வளர்த்த பிள்ளைக்கு ஒரு முறை இருக்கிறது: சதுரத்துக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி, பெற்றோரிடமிருந்து புள்ளிக்கோடு. திருத்தி வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆத்தாவிடம் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னிடம் பேச்சு இல்லை. சோறு மட்டும் போடுகிறது.

கொலனோஸ்கோபிக்கு மறுபடி தேதி கேட்டேன். ஜனவரி 6.

17 டிசம்பர், புதன்

நான்காம் வகை.

வேறு ஊரில் ஒரு குடும்பத்திலும் இதே எழுத்தும் இதே நோயும் கிடைத்திருக்கிறதாம். எல்லாம் சேர்த்து, பெரும்பாலும் நோய் தருவது என்று முடிவு. அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டியது. அன்றைக்கு அல்வாவோடு கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அக்கா ரொம்ப நேரம் அழுதது, தன் பையனை நினைத்து.

பவியிடம் நேரில் போய்ச் சொன்னேன். மருந்துக்கடை வாசலில் நின்றபடி.

"நீங்கதான சித்தப்பா வேணாம்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேம்மா."

வெள்ளிக்கிழமையே ரத்தம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். சீட்டு எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். உள்ளே போய்விட்டாள்.

6 ஜனவரி, செவ்வாய்

நேற்று மத்தியானத்திலிருந்து மருந்துத் தண்ணீர். உப்புக் கரிக்கிறது. எத்தனை முறை போனேன் என்ற கணக்கு கலையிடம் இருக்கிறது, சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கடைசியில் அவளே அழுதுவிட்டாள்.

டியூப் விட்டது தெரியவே இல்லை. தூங்கிவிட்டேன். இரண்டு சின்ன வளர்ச்சி இருந்ததாம், அப்போதே எடுத்துவிட்டார்கள். டாக்டர் நல்ல காலத்துல வந்தீங்க என்றார். சில வருஷம் விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். இனி வருஷா வருஷம் வர வேண்டும். சரி என்றேன். இட்லி சாப்பிட்டோம்.

21 ஜனவரி, புதன்

பனி. பட்டா மாறுதல் மனு ஒன்பது. ஆர்.ஐ. ஆபீஸ் மீட்டிங் நாளைக்கு.

பன்னிரண்டு மணிக்குப் பவி போன். இருக்கிறதாம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மார்ச்சில் கொலனோஸ்கோபிக்குத் தேதி வாங்கிவிட்டாளாம். தெரிஞ்சிருச்சுல்ல சித்தப்பா, இனிமே பாத்துக்கலாம் என்றாள். அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். திருவரங்குளம் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். ஒரு மாதமாகத் தினமும் காலையில் போன் போட்டு, வந்துருச்சா வந்துருச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

ஒரு மணிக்கு முருகேசண்ணன் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். கடையை அடைத்துவிட்டு பஸ்ஸில். உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே என்று பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அந்த எழுத்து எங்கிட்ட இருந்து, அவகிட்ட இல்லாமப் போயிருக்கக் கூடாதாடா?"

பட்டாவுக்கு வந்தவர்கள் எழுந்து வெளியே போய் நின்றார்கள்.